தாத்தாவின் மூக்கு வரை வந்த ஸ்ரீபெரும்புதூர் காற்று

காலை ஐந்தே முக்கால். ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கண் எரிய இறங்குகிறார்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீயை அரை டம்ளரோடு வைத்துவிட்டு ஓடுகிறார்கள். ரெனோ நிஸான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று தயாராகிக்கொண்டே இருக்கிறது. கார் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கத்தான் எல்லோரும் இந்தப் பக்கம் வருவார்கள். நான் வந்தது வேறொன்றைப் பார்க்க. கொரோனா காலத்தில் முதியோர் இல்லங்களில் இருந்த நம் தாத்தா பாட்டிகளைக் காப்பாற்ற உள்ளே என்னென்ன நடந்தது, எந்தப் பொருள் எங்கிருந்து கிளம்பி எப்படி அவர்கள் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது என்று தேடிப் பார்க்க. பார்த்ததையெல்லாம் யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும்போல் இருக்கிறது. வாங்க, உள்ளே போகலாம்!

படப்பைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டைத் தாண்டியதும் கண்ணில் படுவது ஒரு கரும்பலகை. மேலே ‘இன்றைய மதிய உணவு உபயம்’ என்று பெயின்டில் நிரந்தரமாக எழுதியிருக்கிறது. கீழே சாக்பீஸில் தினமும் ஒரு பெயர் மாறும். யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாள், யாரோ ஒருவரின் அப்பாவுக்குத் திதி, யாரோ ஒரு தம்பதியின் இருபத்தைந்தாம் கல்யாண நாள். நம் ஊரில் பெரும்பாலான சிறிய இல்லங்களின் அடுப்பு எரிவது இந்தக் கரும்பலகையால்தான். உபயம் கொடுக்கிற குடும்பம் நேரில் வரும், வடை பாயசத்தோடு பரிமாறும், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கும். பாட்டிகளும் அன்றைக்கு எட்டு மணிக்கே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு தயாராகிவிடுவார்கள்.

இங்கேதான் சிக்கலே! மேலை நாடுகளில் முதியோர் இல்லத்தைக் காப்பது என்றால் பார்வையாளர்களை நிறுத்து, கதவை மூடு என்றார்கள். நம் ஊரில் பார்வையாளர் வந்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு. தொற்று எந்த வழியாக வரும் என்று பயந்தோமோ, அரிசியும் அதே வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 2020 மார்ச் 7-ம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று உறுதியானது, ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்கு. அதாவது இந்த மாவட்டத்துக்காரருக்கே. அடுத்த மூன்று வாரத்துக்குள் ஊரடங்கு. கரும்பலகை வெறுமையானது.

“அரிசி எப்படி வந்துச்சுன்னா கேக்கறீங்க?” என்று சிரித்தார் பொறுப்பாளர் அம்மா. “கேட்டுக்கு வெளியில மூட்டைய எறக்கி வெச்சுட்டு போன் பண்ணுவாங்க. அவங்க வண்டி கெளம்பினப்புறம்தான் நாங்க கதவையே தொறப்போம். ஒரு நாள் முழுக்க வெயில்ல கெடக்கும். அப்புறம்தான் உள்ள வரும்.” சிலர் பணமாக ஜிபே பண்ணினார்களாம். இல்லத்திலேயே சமைத்து, சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் போட்டு, பிறந்த நாள் குழந்தைக்குத் தாத்தா பாட்டிகள் எல்லோரும் சேர்ந்து கையை உயர்த்தி ஆசி சொன்னார்கள். போன் திரையில் அந்தப் பக்கம் கேக் வெட்ட, இந்தப் பக்கம் இலை போட்டிருக்கும். கரும்பலகையில் மறுபடியும் சாக்பீஸ் பெயர்கள் வர ஆரம்பித்தன. எனக்கு இந்த ஒரு காட்சியே போதும் என்று தோன்றியது. பந்தி நின்றுபோகவில்லை, அதற்குத்தான் அவ்வளவு பாடும்!

ஆனால் கேட்டைத் தினமும் தாண்டித்தான் ஆக வேண்டியவர்கள் சிலர் உண்டு. ஆயாம்மாக்கள், சமையல்காரம்மா, நர்ஸ், வாட்ச்மேன். நடக்க முடியாதவரைக் குளிப்பாட்டுவதும், டயப்பர் மாற்றுவதும், சோறு ஊட்டுவதும் ஆறடி தள்ளி நின்று செய்கிற வேலையா? இந்தத் தொழிற்சாலைப் பகுதியின் தனிச் சிக்கல் ஒன்றும் இதில் சேர்ந்துகொண்டது. ஆயாம்மா இல்லத்தில் வேலை பார்ப்பார், அவர் வீட்டுக்காரர் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருப்பார், பிள்ளை இன்னொரு கம்பெனி பஸ்ஸில் போவான். 2020 மே மாதம் தளர்வுகள் தொடங்கிய கையோடு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 42 பேருக்குத் தொற்று வந்து ஆலையையே தற்காலிகமாக மூடினார்கள். ஷிப்ட் பஸ், ஒண்டிக் குடித்தனம், அங்கிருந்து முதியோர் இல்லக் கட்டில் என்று மூன்றே எட்டில் வந்துவிடக் கூடிய பாதை அது.

அந்தப் பாதையை வெட்டத்தான் ஆயாம்மாக்கள் உள்ளேயே தங்கினார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று முறை வைத்து, வீட்டுக்குப் போகாமல், பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பார்த்துவிட்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல இல்லங்களில் இதுதான் நடந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓர் உதாரணம் பிரான்ஸில் உண்டு. லியோன் நகருக்குப் பக்கத்தில் விலானோவா என்ற இல்லத்தில் 106 முதியவர்கள். 2020 மார்ச் 18 முதல் மே 4 வரை, 47 நாட்கள், ஊழியர்களில் ஒரு பகுதியினர் தரையில் மெத்தை போட்டு அங்கேயே படுத்துக்கொண்டார்கள். வெளியே பிரான்ஸின் முதியோர் இல்லங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்தபோது, அந்த இல்லத்தில் கொரோனாவுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. அதற்குச் சில வாரம் முன்பு அமெரிக்காவின் கிர்க்லாண்ட் நகரத்து இல்லம் ஒன்றில் தொற்று புகுந்து பல பத்து பேரைக் கொண்டுபோயிருந்தது. காரணங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் சொன்னது என்ன தெரியுமா? உடம்பு சரியில்லாமலும் வேலைக்கு வந்த ஊழியர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்த ஊழியர்கள். சம்பளத்தோடு லீவு கொடுத்து, ஒரே இடத்தில் வயிறு நிறையச் சம்பளம் கொடுத்தாலே பாதி நோய் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கும். ஆயாம்மாவின் சம்பளத்தை நான் தடுப்பு மருந்துக் கணக்கில்தான் எழுதுவேன்.

சரி, உள்ளே வாருங்கள். வராந்தாவில் ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது ஒரு குட்டிச் சாதனம். துணி மாட்டும் கிளிப் மாதிரி இருக்கிற ஆக்சிமீட்டர்! பக்கத்தில் நீள நோட்டு. கட்டில் எண், பெயர், காலை, மாலை என்று கட்டம் போட்டது. ஆயாம்மா தாத்தாவின் உள்ளங்கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்க்கிறார்.

“தாத்தா, கை ஜில்லுனு இருக்கு. கொஞ்சம் இருங்க.”

“நான் எங்கம்மா போகப் போறேன்?”

சூடு ஏறினதும் ஆள்காட்டி விரலில் மாட்டுகிறார். நகத்தின் வழியாகச் சிவப்பு வெளிச்சம் கசிகிறது. எண் குதிக்கிறது. 91… 95… 97. நின்றுவிட்டது. நோட்டில் ஏறுகிறது. கை குளிர்ந்திருந்தால் இந்தக் கருவி பொய் சொல்லும். வயதானவர்களுக்கு விரல் நுனி வரை ரத்தம் ஓடுவது குறைவு. தேய்த்துவிட்டு மாட்டு என்பது கருவியோடு வந்த குறிப்புத்தாளில் ஆயாம்மா படித்ததல்ல. தாத்தாவின் கையைப் பிடித்துப் பிடித்துப் பழகியதில் வந்தது.

இந்த நோட்டு ஏன் அவ்வளவு முக்கியம்? முதியவர்களிடம் கொரோனா பல சமயம் வேறு வேஷத்தில் வரும். காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது. நேற்று வரை நன்றாகப் பேசிய பாட்டி இன்றைக்கு மகள் பெயரை மாற்றிச் சொல்வார். சாப்பாடு வேண்டாம் என்பார். பாத்ரூம் போகிற வழியில் விழுந்துவிடுவார். மூச்சு வாங்குவதாகச் சொல்லவே மாட்டார், ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். நெற்றியில் காட்டுகிற வெப்பமானித் துப்பாக்கி இதைப் பிடிக்காது. ‘94-க்குக் கீழே’ என்று நோட்டில் சிவப்பில் எழுதியிருக்கிற எண் பிடிக்கும்.

அந்தக் கிளிப்புக்குள் இருப்பது இரண்டே வெளிச்சம். ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, இன்னொன்று தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவற்றை வேறு வேறு அளவில் விழுங்கும். அந்த வித்தியாசத்தை நாடித் துடிப்போடு சேர்த்துக் கணக்குப் போட்டால் எண் வந்துவிடும். ஊசி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை! 1970-களில் இந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தகுவோ அவோயாகி. அவர் 2020 ஏப்ரல் 18 அன்று, தன் 84-வது வயதில் காலமானார். உலகமே அவர் கருவிக்காகக் கடை கடையாக அலைந்துகொண்டிருந்த மாதம் அது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

எண் இறங்கிவிட்டால்? மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது ஆள் உயரச் சிலிண்டர். ஜம்போ என்பார்கள். பக்கத்திலேயே ஆணியில் அதைத் திறக்கும் ஸ்பேனர். கடைசி நிமிஷத்தில் ஸ்பேனரைக் காணோம் என்று தேடக் கூடாது என்பதற்காக அதற்கும் ஒரு நூல் கட்டியிருக்கிறார்கள். இந்த இல்லத்தில் நூல் கட்டாத பொருளே இல்லை! ஆம்புலன்ஸ் வரும் வரை, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கும் வரை தாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு. ஒரு பாட்டிக்கு நிமிஷத்துக்கு 5 லிட்டர் வைத்தால் 1,400 நிமிஷம், அதாவது ஒரு நாளைக்குக் கொஞ்சம் குறைவு. இதே ஆக்சிஜனைத் திரவமாக வைத்திருந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாக விரியும். ஆக, ஒரு பாட்டியின் ஒரு நாள் மூச்சு எட்டரை லிட்டர் திரவத்துக்குள் அடங்கிவிடும். தண்ணீர்க் கேனில் பாதிகூட இல்லை!

அந்தத் திரவம் எங்கிருந்து வந்தது? இங்கே, பக்கத்திலிருந்துதான். ஸ்ரீபெரும்புதூர் ஐநாக்ஸ் ஏர் புராடக்ட்ஸ் ஆலையிலிருந்து. இந்த ஆலைக்கான மூலப்பொருளை எந்தக் கப்பலிலும் இறக்குமதி செய்ய வேண்டாம். நம் தலைக்கு மேல் சும்மா கிடக்கிற காற்றுதான் மூலப்பொருள்! காற்றை உறிஞ்சி, தூசியை வடிகட்டி, அழுத்தி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, குளிரவைத்துக்கொண்டே போவார்கள். மைனஸ் 180, மைனஸ் 190 என்று போகப் போகக் காற்று திரவமாகிவிடும். பிறகு உயரமான கோபுரம் ஒன்றில் அதை வடித்துப் பிரிப்பார்கள். பன்னீர் வடிக்கிற அதே சூத்திரம்தான், நெருப்புக்குப் பதில் குளிர். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலேயே கொதித்து மேலே போய்விடும். ஆக்சிஜனுக்கு மைனஸ் 183 வேண்டும், அதனால் அடியில் தங்கும். அந்தத் திரவம் வெளிர் நீல நிறம்! காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நம் மூச்சுக்கு நிறம் உண்டு என்று எனக்கு இத்தனை வயதில்தான் தெரிகிறது.

அதைச் சுமக்கிற டேங்கர் லாரி, சக்கரம் வைத்த ராட்சத பிளாஸ்க். இரண்டு சுவர், நடுவே வெற்றிடம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வளாகத்துத் தொட்டியில் இறக்குவார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக அலுமினியத் தகடுகள் நிற்கும், அவற்றின் வழியாக ஓடும்போதே திரவம் வெளிக்காற்றின் சூட்டில் வாயுவாகிவிடும். அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மே மாதக் கத்திரி வெயிலில், தார் ரோடு உருகுகிற மதியத்தில், அந்தத் தகடுகள் மேல் வெள்ளை வெளேர் என்று பனி உறைந்திருக்கும்.

2021 மே மாதம் அந்தப் பனியைத்தான் ஊரே நம்பியிருந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாள் பாதிப்பு 36,000-ஐத் தாண்டிய மாதம் அது. அதற்கு முன்பே ஏப்ரல் இறுதியில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 டன்னை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அனுப்பச் சொன்ன மத்திய ஒதுக்கீட்டை ரத்து செய்யுமாறு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உத்தரவு டெல்லியில், டேங்கர் ஸ்ரீபெரும்புதூரில், நோயாளி தமிழ்நாட்டிலும் ஹைதராபாத்திலும். மே 4-ம் தேதி இரவு, இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். ஆக்சிஜன் பிறக்கிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு இரவு வந்திருக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சந்தோஷமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மே 14-ம் தேதி துர்காபூரிலிருந்து 80 டன்னோடு முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் தண்டையார்பேட்டைக்கு வந்து நின்றது. திருநெல்வேலி மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினுக்காக வைத்திருந்த திரவ ஆக்சிஜனை இஸ்ரோ தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அனுப்பியது. ராக்கெட்டைத் தூக்க இருந்தது, எத்தனையோ தாத்தாக்களின் மூச்சைத் தூக்கிப் பிடித்தது!

தடுப்பூசிக் கதையிலும் ஒரு அழகான உள்விவகாரம் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல் ஊசி தொடங்கியது. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர் எப்படி முகாமுக்குப் போய் வரிசையில் நிற்பார்? மே இறுதியில் மத்திய அரசு, முதியோர் இல்லம் போன்ற இடங்களிலேயே முகாம் போடலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஊசி இல்லத்துக்கே வர வழி பிறந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 டோஸ். திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். “எங்க கணக்குல பதினேழு பேர்” என்றார் பொறுப்பாளர் அம்மா. “மூணு டோஸ் வீணாப் போகக் கூடாதுன்னு வாட்ச்மேன், பால்காரர், எதிர் வீட்டுப் பாட்டின்னு கூப்புட்டு உக்கார வெச்சோம்.” கேட்டைத் தாண்டி வருகிறவர்களுக்கும் ஊசி ஏறினால்தான் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு. மூன்று டோஸும் சரியான கைகளுக்குத்தான் போயிருக்கின்றன.

இந்த வழியாகச் சென்னை திரும்பும்போது கிண்டியில் ஒரு கட்டடத்தைக் கவனியுங்கள். கிங் ஆய்வக வளாகத்தில், முதியோருக்கென்றே கட்டப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை அது. திறப்பதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2020 ஜூலை 7 அன்று அது அரசு கொரோனா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. முதியோருக்கான வீட்டை ஊருக்கே கொடுத்துவிட்டு முதியோர்கள் காத்திருந்தார்கள். 2024 பிப்ரவரி 25 அன்றுதான் 200 படுக்கைகளோடு அது அவர்களிடமே வந்து சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 75 லட்சம். 2031-ல் நம்மில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அந்த வயதில் இருப்போம் என்பது மக்கள்தொகைக் கணிப்பு. ‘இருப்போம்’ என்றுதான் எழுதுகிறேன், ‘இருப்பார்கள்’ என்றல்ல.

ஒரகடத்திலும் சிப்காட்டின் 350 ஏக்கர் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. நாட்டில் மத்திய அரசின் உதவிக்குத் தேர்வான நான்கு பூங்காக்களில் ஒன்று. காரும் லாரியும் செய்கிற இதே சாலையில் நாளைக்கு ஆக்சிமீட்டரும் செய்யலாம். ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். அவர் 120 வயது வாழ்ந்தார் என்று மரபு சொல்லும். அந்த ஊர்ச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறென்ன இருக்கிறது!

கிளம்பும்போது மறுபடி அந்த வராந்தா. ஆயாம்மா கிளிப்பை அழுத்துகிறார், வெளிச்சம் வரவில்லை. தட்டிப் பார்க்கிறார். டிவி ரிமோட்டைத் திறந்து இரண்டு சின்ன பேட்டரியை எடுத்து இதற்குள் போடுகிறார். சிவப்பு வெளிச்சம் வந்துவிட்டது. “சாயங்காலம் சீரியலுக்கு முன்னாடி திரும்பப் போட்டுரணும், இல்லைன்னா பாட்டிங்க என்னை வெச்சுக்க மாட்டாங்க” என்கிறார்.

அடுத்த பிறந்த நாளுக்கு உங்கள் பக்கத்து முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு சொல்லப் போவீர்கள் அல்லவா? பாயசத்தோடு நாலு ரிமோட் பேட்டரியும் வாங்கிக்கொண்டு போங்கள். சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, ஸ்பேனர் ஆணியில் தொங்குகிறதா, ஆயாம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேளுங்கள். சளி, இருமல் இருந்தால் அன்றைக்கு நேரில் போக வேண்டாம், வீடியோ காலில் ஆசி வாங்கிக்கொள்ளலாம். பெரியவர் யாராவது தனியே தவிப்பதைப் பார்த்தால் 14567 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் போடுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.